முதல் ரமலான் நோன்பு: முந்தின மாலை தொடங்கிப் பெருநாள் காலை வரை

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் நான்கு ரமலான் கழித்தேன். ஊரில் உம்மா (அம்மா) எழுப்பிச் சோறு போட்டுப் பழகிய பையன்கள் முதல்முறை தனியாக நோன்பு பிடிப்பதை அங்கேதான் பார்த்தேன். இஸ்லாத்துக்குப் புதிதாக வந்தவர் ஒருவர் இருந்தார். "ஒரு நாள் நானும் பிடிச்சுப் பார்க்கிறேன்" என்று வந்த பக்கத்து அறைக்காரரும் இருந்தார். இவர்களில் பசி தாங்காமல் விட்டவர் ஒருவர்கூட இல்லை. நேரத்தைத் தப்பாகப் பார்த்தது, ராத்திரி தண்ணீர் குடிக்க மறந்தது, டீ இல்லாத தலைவலி, நிய்யத் எனும் மன உறுதியில் குழப்பம் என்று இடறிய இடமெல்லாம் வேறு.

அதனால் இந்த வழிகாட்டி விடியற்காலையில் தொடங்கவில்லை. இஸ்லாமியக் கணக்கில் நாள் பிறப்பதே மக்ரிபில், அதாவது சூரியன் மறைந்ததும். நோன்புக்கான வேலையும் முந்தின மாலையிலேயே தொடங்கிவிடுகிறது. சில வேலைகள் அதற்கும் ஒன்றிரண்டு மாதம் முன்பே.

1. உங்கள்மேல் கடமையா என்று பாருங்கள்

பருவம் அடைந்த, புத்தி தெளிவான, உடம்பு முடிந்த, பயணத்தில் இல்லாத முஸ்லிமுக்கு ரமலான் நோன்பு கடமை. சுபுஹு எனும் வைகறைத் தொழுகை நேரம் தொடங்கியதிலிருந்து சூரியன் மறையும் வரை சாப்பாடு, தண்ணீர், தாம்பத்தியம் மூன்றையும் விடுவதுதான் நோன்பு. புகையும் இதில் சேர்த்தி. "தண்ணிகூடக் கூடாதா?" என்று வருடம் தவறாமல் யாராவது கேட்பார்கள். கூடாது.

குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் 183 முதல் 187 வரையான வசனங்களில் அடிப்படைச் சட்டம் இருக்கிறது. நோயாளிக்கும் பயணிக்கும் உள்ள விலக்கும் அங்கேயே இருக்கிறது. விலக்கு சட்டத்தின் ஒரு பகுதி. அதைப் பயன்படுத்துவது ஈமான் (இறைநம்பிக்கை) குறைவு ஆகாது. இதைச் சொல்லக் காரணம், மருத்துவர் வேண்டாம் என்ற பிறகும் பிடிக்கிற பெரியவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

பெண்கள் மாதவிடாய் நாட்களிலும் பிள்ளைபேற்றுத் தீட்டு நாட்களிலும் நோன்பு பிடிக்கக் கூடாது; பிறகு கழா செய்ய வேண்டும், அதாவது அந்த எண்ணிக்கையைப் பின்னால் பிடித்து அடைக்க வேண்டும். மக்ரிபுக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஆரம்பித்தாலும் அன்றைய நோன்பு கணக்கில் வராது. கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தங்களுக்கோ பிள்ளைக்கோ கெடுதல் வரும் என்று அஞ்சினால் விட்டுவிட்டுப் பிறகு பிடிக்கலாம்.

இனி எப்போதும் பிடிக்க முடியாத முதியவர், தீராத நோயாளி ஆகியோருக்கு ஃபித்யா: ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்கு உணவு.

பயணத்துக்கு ஒரு நுணுக்கம். சுமார் எண்பது கிலோமீட்டருக்கு மேல் போகிறவருக்குச் சலுகை உண்டு. ஆனால் சுபுஹுக்கு முன்பே ஊர் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும். காலை பத்து மணி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டு வீட்டிலேயே டிபன் சாப்பிட்டுக் கிளம்புவது செல்லாது.

இஸ்லாத்துக்குப் புதிதாக வந்தவர் முந்தைய வருடங்களை எண்ணிக் கவலைப்பட வேண்டாம். அந்த நோன்புகளுக்குக் கழா கிடையாது.

2. ரமலானுக்கு முந்தின மாதமான ஷஃபானுக்குள் முடிக்க வேண்டியவை

முதலில் டீ. ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிப்பவர் முதல் நோன்பன்று ஒரேயடியாக நிறுத்தினால் பதினோரு மணிக்கெல்லாம் நெற்றிப் பொட்டில் சுத்தியல் விழும். பலர் இதைப் பசி என்று நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். இரண்டு வாரம் முன்பிருந்தே பகல் டீயை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். சிகரெட்டுக்கும் இதே வழிதான்.

அடுத்தது ஒத்திகை. ஷஃபானின் முதல் பாதியில் ஒரு திங்களோ வியாழனோ நஃபில், அதாவது கடமையல்லாத உபரி நோன்பு பிடித்துப் பாருங்கள். உங்கள் உடம்பு எந்த மணிக்கு மக்கர் செய்கிறது என்று தெரிந்துவிடும். ரமலானுக்கு முந்தின ஓரிரு நாட்களில் ஒத்திகை வேண்டாம். வழக்கமாகப் பிடிப்பவர் தவிர மற்றவர்கள் அப்படி முந்திக்கொண்டு பிடிப்பதை ஹதீஸ் (நபிமொழி) தடுக்கிறது. போன வருடக் கழா பாக்கி இருந்தால் அதைப் பிடிப்பதே நல்ல ஒத்திகை.

மூன்றாவது மருத்துவர். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம், வயிற்றுப்புண் என்று எதற்காவது மாத்திரை எடுப்பவர்கள் ஆறு முதல் எட்டு வாரம் முன்பே போய்க் கேட்க வேண்டும். மூன்று வேளை மருந்தை இரண்டு வேளையாக மாற்றி, அது ஒத்துவருகிறதா என்று பார்க்க அவகாசம் தேவை. மாத்திரையை நீங்களாகவே சஹருக்கும் (விடியலுக்கு முந்தின சாப்பாடு) இஃப்தாருக்கும் (நோன்பு திறப்பு) பிரித்துக்கொள்வது ஆபத்து. சர்க்கரை நோயாளிகள் ஒரு கணக்கை மனதில் வையுங்கள்: ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேலே போனாலோ அந்த நிமிடமே நோன்பை விட வேண்டும். மக்ரிபுக்குப் பத்து நிமிடம் இருந்தாலும் சரி. விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது. ஆகவே பகலில் தாராளமாகப் பாருங்கள்.

3. உங்கள் ஊர் நேர அட்டவணையைக் கையில் எடுங்கள்

பள்ளிவாசலில் அச்சடித்த ரமலான் அட்டவணை தருவார்கள். அதில் இரண்டு நேரம்தான் உங்களுக்கு முக்கியம்: சஹர் முடிவு, இஃப்தார்.

புதியவர்கள் செய்கிற பெரிய தப்பு, சூரிய உதய நேரத்தைச் சஹர் முடிவு என்று எடுத்துக்கொள்வது. நோன்பு தொடங்குவது கிழக்கே அடிவானத்தில் வெளிச்சக்கீற்று படரும் வைகறையில். நம்மூரில் அது உதயத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் முந்தி. உதயம் வரை தோசை சாப்பிட்டவருக்கு அன்று நோன்பே இல்லை.

இரண்டாவது தப்பு ஊர் மாறிய அட்டவணை. கோவையில் சூரியன் மறைவது சென்னைக்குப் பத்து முதல் பதினைந்து நிமிடம் கழித்து. சென்னை நேரத்தைச் செல்போனில் வைத்துக்கொண்டு கோவைக்குப் போன என் அறைத்தோழன் வெயில் இருக்கும்போதே பேரீச்சம்பழத்தை வாயில் போட்டான். அவனுக்கு ஒரு கழா. கோவை அட்டவணையோடு சென்னைக்கு வந்தால் சிக்கல் சஹரில் வரும்: சென்னையில் விடிந்த பிறகும் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். செயலி வைத்திருந்தால் அது இருப்பிடத்தைப் புதுப்பித்திருக்கிறதா என்று தினமும் ஒரு தடவை பாருங்கள். ரயிலில் இருந்தால், அந்த நேரத்தில் வண்டி நிற்கிற ஊரின் மக்ரிபுதான் கணக்கு.

தமிழ்நாட்டில் நோன்பின் நீளம் பதின்மூன்று மணி நேரத்தை ஒட்டி இருக்கும், கோடையில் பதினாலைத் தாண்டும். பிறைக் கணக்கில் ரமலான் வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்கிறது. அதனால் போன வருடத் தாளை வைத்து ஓட்ட முடியாது.

4. பிறை தெரிந்த இரவு

ஷஃபான் 29-ஆம் நாள் மாலை பிறை பார்ப்பார்கள். தெரிந்தால் மறுநாள் முதல் நோன்பு; இல்லையென்றால் ஷஃபானை முப்பதாக முடிப்பார்கள். தமிழ்நாட்டில் தலைமை காஜி அறிவிப்பார். வேறு கணக்கில் போகும் ஜமாஅத்களும் உண்டு. அதனால் ஒரே தெருவில் இரண்டு நாள் வித்தியாசம்கூட வரும்.

என் யோசனை: எந்தப் பள்ளிவாசலோடு தொடங்கினீர்களோ அதோடு முடியுங்கள். ஒரு தரப்போடு தொடங்கி இன்னொரு தரப்போடு பெருநாள் கொண்டாடினால் நோன்பு 28-இல் நின்றுவிடலாம். மாதம் 29-க்குக் குறையாது, 30-க்கு மிகாது.

பிறை தெரிந்த அன்றே இஷா என்ற இரவுத் தொழுகைக்குப் பிறகு தராவீஹ் என்ற ரமலான் சிறப்புத் தொழுகை தொடங்கிவிடும். "நோன்பு நாளைக்குத்தானே, இன்னிக்கே ஏன் தொழுகை?" என்று புதியவர்கள் கேட்பார்கள். இரவு முன்னால் வருகிறது, அவ்வளவுதான். தராவீஹ் இருபது ரக்அத்தா (தொழுகைச் சுற்று) எட்டா என்ற விவாதத்தில் முதல் வருடமே இறங்க வேண்டாம். நிற்கிற பள்ளியின் இமாமோடு தொழுங்கள்.

5. நிய்யத்

நோன்பு பிடிக்கிறேன் என்ற மன உறுதிதான் நிய்யத். அது இல்லாமல் நாள் முழுக்கப் பட்டினி கிடந்தாலும் நோன்பாகாது.

பல பள்ளிகளில் தராவீஹ் முடிந்ததும் இமாம் சொல்லிக்கொடுப்பார், எல்லோரும் திருப்பிச் சொல்வார்கள். "இந்த வருடத்து ரமலான் மாதத்தின் ஃபர்ளான (கடமையான) நோன்பை அல்லாஹ்வுக்காக நாளை பிடிக்க நிய்யத் செய்கிறேன்" என்ற பொருளில் அரபியிலும் தமிழிலும் இருக்கும். வாயால் சொல்லத் தேவையே இல்லை என்பவர்களும் உண்டு. மனதில் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் யாருக்கும் மறுப்பில்லை. அரபி வாசகம் மனப்பாடம் ஆகவில்லை என்று நோன்பை விட்ட ஒரு பையனை எனக்குத் தெரியும். பாவம், யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

எப்போது என்பதில் மத்ஹப் (மார்க்கச் சட்ட வழிமுறை) வித்தியாசம் இருக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் பரவலாக உள்ள ஷாஃபி மத்ஹபில் ஒவ்வொரு நோன்புக்கும் சுபுஹுக்கு முன்பே நிய்யத் வேண்டும். ஹனஃபி மத்ஹபில் எதுவும் சாப்பிடாமல் இருந்தால் நண்பகலுக்குச் சற்று முன்பு வரை வைக்கலாம். எதற்கு வம்பு, படுக்கும் முன்பே முடித்துவிடுங்கள். தூங்கிப்போய் சஹர் தவறினாலும் நோன்பு தப்பாது.

6. சஹர்

சஹர் தவறினால் நோன்பு இல்லை என்று நினைத்துக் காலையில் இட்லி சாப்பிட்டவர்கள் எங்கள் மேன்ஷனில் மட்டும் மூன்று பேர். சஹர் சுன்னத் (நபிவழி), நோன்பின் நிபந்தனை அல்ல. எழுந்து பார்த்தால் விடிந்துவிட்டதா? ஒன்றும் சாப்பிடாமல் அப்படியே தொடருங்கள்.

ஆனால் வேண்டுமென்றே விடாதீர்கள். சஹர் செய்யுங்கள், அதில் பரக்கத் (அருள்வளம்) இருக்கிறது என்பது நபிமொழி. "ராத்திரி ரெண்டு மணிக்குப் பிரியாணி சாப்பிட்டுப் படுத்துட்டேன், அதுவே சஹர்" என்பார்கள் இளவட்டங்கள். பகல் ஒரு மணிக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். சஹரைப் பிந்திச் செய்வதுதான் சிறப்பு. நபியின் காலத்தில் சஹருக்கும் தொழுகைக்கும் நடுவே ஐம்பது வசனம் ஓதும் நேரம் இருந்ததாக புகாரி ஹதீஸ் தொகுப்பில் வருகிறது.

என்ன சாப்பிடுவது? தாகம் எடுக்க வைப்பதை விலக்கினாலே பாதி வேலை முடிந்தது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, ராத்திரி மிஞ்சிய பிரியாணி நான்கும் வேண்டாம். உப்பும் மசாலாவும் பகலெல்லாம் தண்ணீர் கேட்கும். தயிர்சோறு, சப்பாத்தியும் முட்டையும், வாழைப்பழம், இரண்டு பேரீச்சம்பழம் போதும். சர்க்கரை போட்ட டீயும் பிஸ்கட்டும் மட்டும் சாப்பிட்டவருக்குப் பத்து மணிக்கே வயிறு காலி.

தண்ணீரில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு லிட்டரைக் கவிழ்த்தால் அது வயிற்றில் நிற்காது, ஒரு மணி நேரத்தில் கழிப்பறைக்குப் போய்விடும். இஃப்தாருக்கும் சஹருக்கும் நடுவே மணிக்கு ஒரு டம்ளர் என்று பரப்பிக் குடியுங்கள். சஹரில் இரண்டு டம்ளர் போதும்.

எழுப்ப ஆள் இல்லாதவர்கள் இரண்டு அலாரம் வைக்க வேண்டும்: ஒன்று எழுவதற்கு, ஒன்று சாப்பாட்டை நிறுத்துவதற்கு. சில ஊர்களில் இன்னும் பக்கீர்கள் தப்ஸ் அடித்துப் பாடி எழுப்பிக்கொண்டு போகிறார்கள். மேன்ஷன் மூன்றாம் மாடிக்கு அது கேட்காது. தனியாக இருப்பவர்கள் விசாரித்துப் பாருங்கள், நகரங்களில் பல பள்ளிவாசல்களில் சஹர் சாப்பாடு போடுகிறார்கள்.

7. நிறுத்தும் நிமிடம்

சஹர் முடிவு நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே கையைக் கழுவிவிடுங்கள். பாங்கு முடியும் வரை சாப்பிடலாம் என்று ஒரு பழக்கம் ஓடுகிறது. பாங்கு சொல்வதே நேரம் வந்த பிறகு; சில பள்ளிகளில் சில நிமிடம் தாமதித்தும் சொல்வார்கள். எனவே கடிகாரத்தைப் பாருங்கள், ஒலிபெருக்கிக்குக் காத்திருக்காதீர்கள்.

கடைசி இரண்டு நிமிடம் பல் துலக்கவும் வாய் கொப்பளிக்கவும். பல்லிடுக்கில் இருக்கும் பருக்கையைப் பிறகு விழுங்கினால் வீண் சந்தேகம் வரும்.

தாம்பத்தியம் போன்ற காரணத்தால் குளிப்புக் கடமையான நிலையில் விடிந்துவிட்டால் நோன்பு கெடாது. குளித்துத் தொழுதுகொள்ளலாம்.

8. பகலை ஓட்டுவது

முதல் மூன்று நாள்தான் கஷ்டம். நான்காவது நாள் உடம்பு பழகிவிடும். எட்டு மணி, பதினோரு மணி, ஒரு மணி என்று வழக்கமான வேளைகளில் பசி தட்டும், அரைமணியில் அடங்கும். அஸர் என்ற மாலைத் தொழுகைக்குப் பிறகு தளர்ச்சி வரும். கவனம் தேவைப்படும் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்குப் பின் இருபது நிமிடம் கண்ணயர்ந்தால் மாலை ஓடிவிடும். பகல் முழுக்கத் தூங்கி ராத்திரி முழுக்க விழிப்பதும் நடக்கிறது. நோன்பு செல்லும், ஆனால் அதை நோன்பு என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வராது.

ஐந்து மணிக்கு இரண்டு சக்கர வண்டி ஓட்டுபவர்கள் மெதுவாகப் போங்கள். இஃப்தாருக்கு வீடு சேர வேண்டும் என்ற அவசரமும் தலைசுற்றலும் சேரும் நேரம் அது. பையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் இரண்டு பேரீச்சம்பழமும் இருந்தால் சிக்னலில் நிற்கும்போது பாங்கு கேட்டாலும் நோன்பு திறந்துவிடலாம்.

அப்புறம் வாய். பொய்யையும் பொய்யான நடத்தையையும் விடாதவர் உணவையும் நீரையும் விடுவது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்று புகாரியில் வருகிறது. யாராவது சண்டைக்கு வந்தால் "நான் நோன்பாளி" என்று சொல்லி விலகச் சொல்கிறது இன்னொரு ஹதீஸ். மாலை நான்கரைக்கு அலுவலக வாட்ஸ்அப் குழுவில் பதில் எழுதும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

9. எது முறிக்கும், எது முறிக்காது

மறந்து சாப்பிட்டால் முறியாது. ஞாபகம் வந்த நொடியே வாயில் இருப்பதைத் துப்பிவிட்டுத் தொடர வேண்டும். "எப்படியும் முறிந்துவிட்டது" என்று மிச்ச வடையையும் தின்றால் அப்போதுதான் முறியும்.

எச்சில் விழுங்கினால் முறியாது. பக்கத்தில் துப்பிக்கொண்டே இருக்கத் தேவையில்லை, தொண்டைதான் காயும். தானாக வரும் வாந்தி முறிக்காது. விரல் விட்டு வரவழைத்தால் முறியும். குளிக்கலாம், தலைக்கு எண்ணெய் வைக்கலாம், அத்தர் பூசலாம். ரத்தப் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடலாம்.

தொழுகைக்கு முன் ஒளு (கை, முகம், கால் கழுவுவது) செய்யும்போது தொண்டை வரை கொப்பளிக்காதீர்கள். தவறித் தண்ணீர் உள்ளே போனால் ஹனஃபி மத்ஹபில் முறியும். ஷாஃபியில் அளவு மீறிக் கொப்பளித்திருந்தால்தான் முறியும். பற்பசை விழுங்கப்பட்டால் முறியும் என்பதால் அதை சஹரோடு முடித்துக்கொள்வது நல்லது.

சமைப்பவர் உப்புப் பார்க்க வேண்டியிருந்தால் நாக்கு நுனியில் வைத்துத் துப்பலாம், விழுங்கக் கூடாது.

சாதாரண ஊசி முறிக்காது என்பது பரவலான கருத்து. உடம்புக்குச் சத்து ஏற்றும் டிரிப் முறிக்கும் என்று பல ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) சொல்கிறார்கள். ஆஸ்துமா இன்ஹேலர், காதுச் சொட்டு மருந்து இரண்டிலும் கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் பள்ளி ஹஜ்ரத்திடம் ரமலானுக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு முட்டும்போது ஃபத்வா தேடக் கூடாது. அந்த நேரத்தில் மருந்தை எடுத்துவிடுங்கள், கழா பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

10. முறிந்துவிட்டால்

பதறாமல் காரணத்தைப் பாருங்கள், அதைப் பொறுத்துத்தான் ஈடு.

நோய், பயணம், மாதவிடாய் என்றால் கழா மட்டும். விடியவில்லை என்று நினைத்துச் சாப்பிட்டது, சூரியன் மறைந்தது என்று நினைத்துத் திறந்தது ஆகியவற்றுக்கும் கழா. இப்படி நேரம் தவறியவர் அன்று மிச்ச நேரமும் சாப்பிடாமல் நோன்பாளி போலவே இருக்க வேண்டும். மாதவிடாய் வந்தவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சமையலறை மூலையில் ஒளிந்து சாப்பிட வைப்பது வீட்டாரின் கூச்சம்தான், சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

பகலில் தாம்பத்தியம் கொண்டால் கழாவோடு கஃப்பாராவும் உண்டு: இடைவிடாமல் இரண்டு மாதம் நோன்பு, முடியாதவர் அறுபது ஏழைகளுக்கு உணவு. காரணமே இல்லாமல் வேண்டுமென்று சாப்பிட்டவருக்கும் ஹனஃபி மத்ஹபில் இதே கஃப்பாரா வரும். ஷாஃபியில் கழாவும் தவ்பாவும் (பாவமன்னிப்புக் கேட்பது).

11. நோன்பு திறப்பு

நேரம் வந்தால் தாமதிக்காதீர்கள். "இன்னும் கொஞ்சம் இருந்து கூடுதல் நன்மை சேர்க்கலாம்" என்று நினைப்பது தலைகீழ். சீக்கிரம் திறப்பதுதான் சுன்னத்.

வரிசை இதுதான்: பேரீச்சம்பழம், தண்ணீர், துஆ (பிரார்த்தனை), ஒரு கிண்ணம் கஞ்சி, மக்ரிப் தொழுகை, பிறகு சாப்பாடு. பதின்மூன்று மணி நேரம் சும்மா இருந்த வயிற்றில் முதலில் விழ வேண்டியது எண்ணெயில் பொரித்தது அல்ல. எடுத்த எடுப்பில் நாலு சமோசா, இரண்டு வடை, மேலே ரோஸ்மில்க் என்று அடித்தவர்கள் தராவீஹில் சுவரில் சாய்ந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நானும் சாய்ந்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் நோன்புக் கஞ்சி இல்லாத திறப்பு கிடையாது. அரசு பள்ளிவாசல்களுக்கு இதற்கென்று பச்சரிசியே தருகிறது. அஸருக்குப் பிறகு தூக்குவாளியோடு போனால் யாருக்கும் ஊற்றுவார்கள், மதம் பார்ப்பதில்லை. சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பல இடங்களில் கொத்துக்கறி போட்டுக் காய்ச்சுவார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அறையில் காய்ச்ச வேண்டுமா? நாலு பேருக்கு ஒரு டம்ளர் பச்சரிசி நொய், கால் டம்ளர் பாசிப்பருப்பு, ஒரு டீஸ்பூன் வெந்தயம் மூன்றையும் அரைமணி நேரம் ஊற வையுங்கள். எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலக்காய் தாளித்து, வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, பச்சை மிளகாய், தக்காளி, கை நிறைய மல்லியும் புதினாவும் போட்டு வதக்குங்கள். கறி போடுவதானால் இந்த இடத்தில். ஊறியதைக் கொட்டி எட்டு டம்ளர் தண்ணீர் விட்டு நாலைந்து விசில். குக்கர் ஐந்து லிட்டராவது இருக்க வேண்டும். மூன்று லிட்டரில் செய்தால் கஞ்சி விசில் வழியாகச் சுவரில் ஏறும். வீட்டு உரிமையாளரிடம் நான் திட்டு வாங்கியது அப்படித்தான். ஆவி அடங்கியதும் மசித்து, கடைசியாகத் தேங்காய்ப்பால் ஊற்றி, கொதி வரும் முன் இறக்கிவிடுங்கள். கொதித்தால் திரிந்துபோகும்.

தண்ணீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் ஒரே கிண்ணத்தில் மிருதுவாக உள்ளே போவதால் தொழுகைக்கு எழும்போது தலை சுற்றாது. அதற்காகவே கஞ்சி முன்னால் வருகிறது.

12. முஸ்லிம் அல்லாத நண்பர்களுக்கு

எதிரே சாப்பிட்டதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டாம், எங்களுக்கு ஒன்றும் ஆகாது. மாலை ஐந்தரைக்குக் கூட்டம் வைக்காமல் இருந்தால் பெரிய உதவி. இஃப்தாருக்கு அழைத்தால் கால்மணி நேரம் முன்பே வந்துவிடுங்கள். கல்யாண விருந்து போலப் பிந்தி வந்தால் கஞ்சி முடிந்திருக்கும். ஒரு நாள் பிடித்துப் பார்க்க விரும்பினால் சஹரோடு சேர்த்துப் பிடியுங்கள். பக்கத்து அறைக்காரர் சஹரை விட்டுவிட்டுப் பிடித்தார், மூன்று மணிக்குப் படுத்தவர் மக்ரிபில்தான் எழுந்தார்.

13. கடைசிப் பத்தும் ஃபித்ராவும்

கடைசிப் பத்து இரவுகளின் ஒற்றைப்படைகளில் லைலத்துல் கத்ர் எனும் மகத்துவமிக்க இரவைத் தேடச் சொல்லியிருக்கிறது. நம்மூரில் 27-ஆம் இரவில்தான் கூட்டம் அலைமோதும். மீதி நான்கு ஒற்றை இரவுகளை மறந்துவிடாதீர்கள். பத்து இரவும் விழித்து வேலைக்கும் போவது முடியாது என்றால் விடுப்பை இந்த வாரத்துக்குச் சேமித்து வையுங்கள்.

ஃபித்ராவையும் ஜகாத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஜகாத் சேமிப்பின் மேல் வருடத்துக்கு ஒருமுறை இரண்டரை சதவீதம். ஃபித்ரா தலைக்கு இவ்வளவு என்று கைக்குழந்தை உட்பட வீட்டில் உள்ள எல்லோருக்கும். அளவு ஒரு ஸாஉ. நம்மூரில் சுமார் இரண்டரைக் கிலோ அரிசி என்று கணக்கிடுவார்கள். ஹனஃபிகள் பணமாகவும் கொடுக்கலாம், ஷாஃபிகள் தானியமாகவே கொடுப்பார்கள். பெருநாள் தொழுகைக்கு முன் ஏழையின் கையில் சேர வேண்டும். அவர் வீட்டிலும் அன்று அடுப்பு எரிய வேண்டும் என்பதற்காகத்தான். தொழுதுவிட்டு வந்து கொடுத்தால் அது வெறும் தர்மமாகிவிடும்.

14. பெருநாள் காலையும் கழாக் கணக்கும்

பெருநாளன்று நோன்பு ஹராம் (விலக்கப்பட்டது). முப்பது நாள் பழக்கத்தில் ஒன்றும் சாப்பிடாமல் தொழுகைக்கு ஓடுவார்கள். ஒன்றோ மூன்றோ ஒற்றைப்படையாகப் பேரீச்சம்பழம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

விட்ட நோன்புகளை அன்றே அட்டவணைத் தாளின் பின்பக்கம் தேதியோடு எழுதி வைத்துவிடுங்கள். இரண்டு மாதம் போனால் ஆறா ஏழா என்று சந்தேகம் வரும். கழாவைத் தொடர்ச்சியாகப் பிடிக்கத் தேவையில்லை, வாரத்துக்கு ஒன்றாகவும் பிடிக்கலாம். இரண்டு பெருநாட்களிலும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த மூன்று நாட்களிலும் மட்டும் கூடாது. அடுத்த ரமலானுக்குள் முடித்துவிட வேண்டும். காரணமின்றித் தள்ளிப்போட்டால் ஷாஃபி மத்ஹபில் ஒவ்வொன்றுக்கும் ஃபித்யாவும் சேரும். அந்தத் தாளை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி, பிடித்து முடித்ததை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வாருங்கள்.